அல்ட்ரா மாரத்தானுக்குப் பயிற்சியாளர் எதற்கு? அட்டவணை போதாதா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நான்கு மாரத்தான் முடித்தாயிற்று, சிறந்த நேரம் 4 மணி 10 நிமிடம். ஒரு 50 கி.மீ. ஓட்டத்தில் 36-வது கிலோமீட்டரோடு கால் நின்றுபோய், மிச்சத்தை நடந்தே முடித்தீர்கள். ஏழு மாதம் கழித்து மலைப்பாதையில் 100 கி.மீ., மொத்த ஏற்றம் 4,000 மீட்டர், கட்-ஆஃப் (முடிக்க வேண்டிய கெடு) 20 மணி நேரம். இணையத்தில் இறக்கிய அட்டவணை ஒன்று கையில் இருக்கிறது. வாரத்துக்குச் சுமார் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. பயிற்சியாளரை வைத்துக்கொண்டால் என்ன மாறும்?

அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது, பலவும் மோசமில்லை. ஆனால் 36-வது கிலோமீட்டரில் ஏன் நின்றீர்கள் என்று அது கேட்காது. விவரம் தெரிந்த பயிற்சியாளர் முதல் நாளே அதைத்தான் கேட்பார். அல்ட்ராவில், அதாவது மாரத்தானின் 42 கி.மீ. தூரத்தைத் தாண்டும் ஓட்டத்தில், மூச்சு வாங்கி நிற்பவர்கள் குறைவு. வயிறு கைவிடும், தொடை கைவிடும், பாதம் கொப்பளிக்கும், தூக்கம் சொக்கும். உங்களுக்கு இவற்றில் எது முதலில் கைவிடுகிறது என்று கண்டுபிடித்து அதற்கு வேலை கொடுப்பதுதான் முறையான பயிற்சி. வெறுமனே கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டே போனால் ஏற்கெனவே பலமாக இருப்பது இன்னும் பலமாகும். ஓட்டை அப்படியே இருக்கும்.

உங்கள் 50 கி.மீ. தோல்வியையே எடுத்துக்கொள்வோம். தலை கிறுகிறுத்து, எரிச்சல் வந்து, இனிப்பாக எதையோ குடித்த கால் மணி நேரத்தில் தெம்பு திரும்பியதா? அப்படியானால் அது எரிபொருள் பிரச்சினை. மூச்சு சீராக இருந்தும் இறக்கத்தில் மட்டும் ஓட முடியாமல், அடுத்த இரண்டு நாளும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தீர்களா? தொடைத் தசை பழகவில்லை. வாட்ச் பதிவில் முதல் 15 கிலோமீட்டரும் இதயத் துடிப்பு மாரத்தான் அளவிலேயே ஓடி, பிறகு உடல் கஷ்டப்படக் கஷ்டப்படத் துடிப்பு மட்டும் கீழே இறங்கியிருக்கிறதா? ஆரம்ப வேகம் அதிகம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்தால் ஏழு மாதம் வீண்.

அடுத்து அவர் கேட்பவை: கடைசி 12 வாரப் பதிவு, பழைய காயங்கள், வேலை நேரம், தூக்கம், வாரத்தில் எந்த நாள் எத்தனை நிமிடம் உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறது. களைப்பு நீடித்தால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சத்து இருப்பு), ஹீமோகுளோபின், வைட்டமின் டி பார்த்துவிட்டு வரச் சொல்வார். பிறகு ஒரு சோதனை ஓட்டம். நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு, சமதளத்தில் 30 நிமிடம் சீராகத் தாங்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் ஓட வேண்டும். கடைசி 20 நிமிடத்தின் சராசரி இதயத் துடிப்பு உங்கள் த்ரெஷோல்டுக்கு (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய கடுமையின் எல்லை) ஏறக்குறைய சமம். அதிகபட்சத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை நம்பி, எந்த ஓட்டம் எந்தத் துடிப்பில் என்று மண்டலம் பிரித்தால் சிலருக்குப் பத்து, பதினைந்து துடிப்புகள் தவறிப்போகும்.

இந்தச் சோதனை முதலில் அம்பலப்படுத்துவது உங்கள் ஈஸி ரன்னை (இலகுவான ஓட்டத்தை). 4 மணி 10 நிமிட மாரத்தான் என்றால் கிலோமீட்டருக்கு 5:55 (5 நிமிடம் 55 விநாடி). இந்த நிலையில் இருக்கும் பலர் ஈஸி என்ற பெயரில் 6:15-இல் ஓடிக்கொண்டிருப்பார்கள். அது ஈஸியும் இல்லை, கடினப் பயிற்சியும் இல்லை, இரண்டுங்கெட்டான். 6:50-இலிருந்து 7:30 வரை வருவதுதான் சரி. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். மலைப்பாதையில் பேஸை (கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை) பார்க்கவே வேண்டாம், மூச்சைப் பாருங்கள். ஈஸி ரன்னில் ஏறும் களைப்பு கடினப் பயிற்சி நாளில் கடன்காரன் மாதிரி வந்து நிற்கும். முதல் ஆறு வாரம் பயிற்சியாளர் பெரும்பாலும் செய்வது உங்களை மெதுவாக ஓட வைப்பதைத்தான். காசு கொடுத்து மெதுவாக ஓடுவதா என்று கடுப்பாகும். பலர் விட்டுவிட்டுப் போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

வரிசைக்கு வருவோம். ஏழு மாதம் என்பது சுமார் 30 வாரம். அல்ட்ராவுக்குப் பொதுவாகப் பலன் தரும் ஒழுங்கு, பந்தயத்துக்குத் தூரமானதில் தொடங்கிப் பந்தயத்தைப் போன்றதில் முடிப்பது. முதல் பத்து வாரத்தில் அடித்தளம், வலுப் பயிற்சி, கூடவே மேட்டில் மூன்று மூன்று நிமிட ஏற்ற ஓட்டங்கள், ஐந்தாறு முறை. நடுவில் எட்டு வாரம் த்ரெஷோல்ட் வேலை: பத்து நிமிடம் மூன்று முறை என்று ஆரம்பித்து இருபது நிமிடம் மூன்று முறை வரை. அடுத்த ஒன்பது பத்து வாரம் நீண்ட ஓட்டம், ஏற்ற இறக்கம், சாப்பாடு, இருட்டில் ஓட்டம் எல்லாம். கடைசி இரண்டு வாரம் டேப்பர், அதாவது ஓட்டத்தைக் குறைத்து உடலைத் தேற்றுவது. வேகப் பயிற்சியை ஏன் முன்னால் வைக்கிறோம்? மேல்வரம்பு உயர்ந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா வேகமும் இலகுவாகும். அதே பயிற்சியைப் பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்னால் கடுமையாகச் செய்தால் லாங் ரன்னுக்கான மீட்சியைத் தின்றுவிடும்.

எட்டு மணி நேரம் வைத்திருப்பவரின் நடுக்கட்ட வாரம் ஏறக்குறைய இப்படி இருக்கும். திங்கள் ஓய்வு. செவ்வாய் 65 நிமிடம், அதற்குள் எட்டு நிமிடம் நான்கு முறை த்ரெஷோல்டில். புதன் 50 நிமிடம் ஈஸி, பிறகு 25 நிமிடம் வலுப் பயிற்சி. வியாழன் 60 நிமிடம் ஈஸி. வெள்ளி 25 நிமிடம் வலுப் பயிற்சி மட்டும். சனி மூன்று மணி நேரம் மேட்டுப் பாதை. ஞாயிறு 90 நிமிடம் மெதுவாக. மொத்தம் எட்டேகால் மணி நேரம்.

இந்த வாரம் உடலுக்கு எவ்வளவு சுமை என்பதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து அதன் கடுமைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, நிமிடத்தால் பெருக்குங்கள். செவ்வாய் 65 × 6 = 390. புதன் 50 × 3 = 150. வியாழன் 60 × 3 = 180. சனி 180 × 4 = 720. ஞாயிறு 90 × 4 = 360. ஓட்டங்களின் கூட்டு 1,800. அடுத்த மாதம் இதே நிமிடங்களுக்கு 2,300 வந்தால்? செய்த வேலை கூடவில்லை, ஆனால் உடலுக்கு அது கூடுதலாகத் தெரிகிறது. தூக்கம் குறைந்திருக்கலாம், அலுவலக நெருக்கடியாக இருக்கலாம், காய்ச்சல் வரப்போகிறதாக இருக்கலாம். அட்டவணை அடுத்த வாரம் 15 சதவீதம் கூட்டச் சொல்லும், பயிற்சியாளர் வெட்டுவார். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த வெட்டுக்குத்தான் என்பேன். பொதுவாக மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் 30 முதல் 40 சதவீதம் இறக்குவது வழக்கம். மீட்சி மெதுவாக வருபவர்களுக்கு, குறிப்பாக ஐம்பதை நெருங்குபவர்களுக்கு, இரண்டு வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்குவது ஒத்துவரும்.

அவர் வெட்ட வேண்டுமானால் நீங்கள் எழுத வேண்டும். பதிவேட்டில் 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. '2 மணி 10 நிமிடத்தில் இடது கெண்டைக்கால் இறுக்கம், இறக்கத்தில் மட்டும்; சர்க்கரை ஜெல் நான்கு, தண்ணீர் ஒன்றரை லிட்டர்; கடைசி அரை மணி குமட்டல்; நல்ல வெயில்; முந்தின இரவு ஐந்து மணி நேரத் தூக்கம்' என்று இருந்தால் அதில் நான்கு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன.

தவறிய ஓட்டத்தை அடுத்த நாள் சேர்த்து ஓடக் கூடாது, போனது போனதுதான். மூக்கொழுகல் மட்டுமென்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடல்வலி என்றால் ஓட்டமே வேண்டாம். தசைநார் வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். நடையே மாறினால் நிறுத்த வேண்டும். கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் கூடுகிறதா? அது எலும்பு அழுத்தக் காயமாக இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும், ஓடிச் சரிசெய்யும் விஷயம் இல்லை.

எல்லாரும் கேட்கும் இன்னொன்று: 100 கி.மீ. ஓட, பயிற்சியில் 80 ஓட வேண்டாமா? வேண்டாம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓடுபவருக்கு ஐந்து, ஆறு மணி நேர ஓட்டம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் கிடைக்கும் லாபம் குறைவு, மீண்டு வர ஆகும் நாட்கள் அதிகம். அந்த நாட்களில் செய்ய முடியாமல் போகும் பயிற்சியும் நஷ்டக் கணக்கில் சேரும். விதிவிலக்காக, பந்தயத்துக்கு ஐந்து முதல் ஏழு வாரம் முன்னால் ஒரு 50 கி.மீ. நிகழ்வை ஒத்திகையாக வைக்கலாம்: அதே ஷூ, அதே பை, அதே சாப்பாடு. சனி, ஞாயிறு அடுத்தடுத்து நீண்ட ஓட்டம் வைப்பதும் நல்ல உத்திதான், களைத்த காலோடு ஓடப் பழக்கும். ஆனால் கடைசிக் கட்டத்தில் மூன்று நான்கு முறை போதும். வாராவாரம் செய்தால் களைத்த கால் மட்டும்தான் மிஞ்சும்.

தொடைக்கு வருகிறேன். இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அப்படித் தாங்கும்போதுதான் தசை இழைகள் நுண்ணிய அளவில் கிழிகின்றன. ஆனால் ஒரு முறை அளவாகக் கிழிந்து ஆறிய தசை அடுத்த முறை அவ்வளவு கிழியாது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். அதனால் பத்து நாள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 20 முதல் 30 நிமிடம் இறக்கத்தில் ஓட வேண்டும். கடைசித் தடவை பந்தயத்துக்கு இரண்டு முதல் மூன்று வாரம் முன்னால். உங்கள் பந்தயம் 100 கிலோமீட்டருக்கு 4,000 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 40 மீட்டர். கடைசி எட்டு வாரத்தில் உங்கள் வாராந்திர விகிதமும் அந்த எண்ணை நெருங்க வேண்டும். பக்கத்தில் மேடே இல்லையா? ஏற்றத்துக்கு மாடிப்படியும், 12 முதல் 15 சதவீதச் சாய்வில் ட்ரெட்மில்லும் ஈடுகட்டும். இறக்கத்துக்குச் சரியான மாற்று கிடையாது. படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது, மூன்று நான்கு விநாடி எடுத்துக் கீழே போகும் ஸ்குவாட், லஞ்ஜ் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்குவது) இவற்றால் பாதியாவது ஈடுசெய்யலாம். வலுப் பயிற்சியில் கெண்டைக்காலை மறக்க வேண்டாம். எடை பிடித்துக் குதிகால் உயர்த்துவது சலிப்பாக இருக்கும், குதிகாலுக்கு மேலுள்ள அகில்லீஸ் தசைநாரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

நடையும் ஒரு திறமை. 20 மணி நேரத்தில் 100 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 12 நிமிடம், நிற்கும் நேரமும் சேர்த்து. செங்குத்தான ஏற்றத்தில் உங்கள் நிலையில் ஓடுவது வீண்செலவு; வேகமாக நடப்பவர் பக்கத்திலேயே வருவார், அவர் மூச்சு வாங்காமல். நடக்கக் கூச்சப்பட்டுப் பயிற்சியில் நடக்காதவர்கள் பந்தயத்தில் உலாத்துகிறார்கள். வாரம் ஒரு முறை 30 நிமிடம், மேட்டில், கையை முழங்காலுக்கு மேல் ஊன்றியோ கம்புகளோடோ, விறுவிறுப்பாக நடந்து பழகுங்கள். நிற்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு: 12 எய்ட் ஸ்டேஷன் (வழியில் சாப்பாடும் தண்ணீரும் கிடைக்கும் நிலையம்), ஒவ்வொன்றிலும் ஆறு நிமிடம் என்றால் 72 நிமிடம். அதை மூன்று நிமிடமாக்கினால் ஒரு துளி உடற்தகுதி கூடாமலேயே 36 நிமிடம் மிச்சம்.

இனி வயிறு. பயிற்சியாளர் இல்லாமல் ஓடுபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. 70 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் 100 கி.மீ. ஓடினாலே ஏறக்குறைய 7,000 கலோரி செலவாகும். உடலில் சேமித்த கிளைகோஜன் (சர்க்கரை இருப்பு) சுமார் 2,000 கலோரிதான். கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், வேகம் கூடக் கூட அதன் பங்கு குறையும். எனவே மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் என்பது நியாயமான இலக்கு. பழகியவர்கள் 90 வரை போகிறார்கள். குளுகோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில் திணற ஆரம்பிக்கும். ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போவதால் இரண்டையும் கலந்தால்தான் அதற்கு மேல் ஏறும்.

ஆனால் பழகாத வயிற்றுக்கு முதல் நாளே 60 கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடும். லாங் ரன்னில் மணிக்கு 30 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். பசிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம், கடிகாரத்தில் அலாரம் வைத்து. ஜெல்லைத் தண்ணீரோடு எடுங்கள். ஜெல்லும் செறிவான பானமும் சேர்ந்தால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு திகட்டும். உப்புக் காரமாக, மென்று விழுங்கும்படி இரண்டு வகையாவது சோதித்து வைத்திருக்க வேண்டும். குமட்டல் வந்தால் முதல் சந்தேகம் வேகத்தின் மேலும் வெயிலின் மேலும் விழ வேண்டும்: ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடுகிறது, குடலுக்கு மிச்சமில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், கழுத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றுங்கள், வெறும் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள், பிறகு சிறிதாக ஏதாவது சாப்பிடுங்கள்.

தண்ணீருக்கு ஊருக்கெல்லாம் பொருந்தும் அளவு கிடையாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஓடும் முன் எடை 70.0 கிலோ, ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டுப் பார்த்தால் 69.2, நடுவில் குடித்தது 300 மி.லி. ஆக வியர்வை மணிக்கு 1.1 லிட்டர். முழுவதையும் திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. தாகத்தை அனுசரித்து 500 முதல் 700 மி.லி. பெரும்பாலும் போதும். பயிற்சிக்குப் பிறகு எடை கூடியிருந்தால் அதிகம் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போவது உயிருக்கே ஆபத்தாகலாம். விரல் வீக்கம், தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் அதன் அடையாளம். அப்போது உப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு இன்னும் குடித்துக்கொண்டே போகக் கூடாது, மருத்துவ உதவி கேட்க வேண்டும். பந்தயத்தில் ஐபுப்ரோஃபென் மாதிரி வலிமாத்திரை வேண்டவே வேண்டாம். நீர் குறைந்து, தசை சிதைந்த நேரத்தில் சிறுநீரகத்தை அது கூடுதலாக வதைக்கும்.

சாப்பாட்டில் இன்னொரு தவறு பயிற்சி நாட்களிலேயே நடக்கிறது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ஓட்டத்தைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைப்பது. மாதவிடாய் தவறுவது, அடிக்கடி சளி, தூக்கம் கெடுவது, எலும்புக் காயம் திரும்பத் திரும்ப வருவது, பாலுறவில் நாட்டம் குறைவது, எல்லாம் ஆற்றல் பற்றாக்குறையின் அறிகுறிகள். இதைப் பற்றிக் கேட்கவே கேட்காத பயிற்சியாளரை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடையைக் குறைக்கச் சொல்லி நச்சரிப்பவரை அறவே தவிருங்கள்.

முன்னேற்றம் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரே பாதையில் இரண்டு மணி நேரம் ஒரே பேஸில் மெதுவாக ஓடுங்கள். முதல் மணி நேரம் 7:10 பேஸில் சராசரி 138 துடிப்பு, இரண்டாவது மணி நேரம் அதே பேஸில் 146 என்றால் துடிப்பு கிட்டத்தட்ட 6 சதவீதம் மேலே நகர்ந்திருக்கிறது. 5 சதவீதத்துக்குள் வந்தால் அடித்தளம் ஓரளவு நின்றுவிட்டது. வெயில் நாளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், எண் பொய் சொல்லும். சூடான இடத்தில் பந்தயம் என்றால் கடைசி மூன்று வாரத்துக்குள் 10 முதல் 14 நாள் வெப்பத்துக்குப் பழக வேண்டும்.

டேப்பரில் ஓட்ட அளவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, சிறு வேகத் துண்டுகளை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த இரண்டு வாரமும் முழங்கால் வலிக்கிற மாதிரியும் எல்லாம் மறந்துவிட்ட மாதிரியும் தோன்றும். அந்தப் பதற்றத்தில் ஒரு '30 கி.மீ. பார்த்துவிடுவோம்' கிளம்பும். அதைத் தடுக்க ஒரு ஆள் இருப்பதும் கட்டணத்தில் சேர்த்திதான்.

பந்தயத் திட்டம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். முதல் 30 கிலோமீட்டரும் கடுமை பத்துக்கு நான்கைத் தாண்டக் கூடாது. மற்றவர்கள் தாண்டிப் போவார்கள், போகட்டும். ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனுக்கும் கட்-ஆஃப், உங்கள் உத்தேச நேரம், அங்கே எடுக்க வேண்டிய சாப்பாடு. பிறகு 'இது நடந்தால் அது' வரிகள்: பாதத்தில் சூடு தெரிந்தால் கொப்புளம் ஆகும் முன்னே நின்று டேப் ஒட்டு; சாப்பாட்டை இரண்டு முறை தவறவிட்டால் அடுத்த நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிடு; சிறுநீர் காபி நிறமானால் மருத்துவக் குழுவிடம் போ. இரவு இரண்டு மணிக்கு மூளை யோசிக்காது, எழுதியிருப்பதை வாசிக்க மட்டும்தான் அதனால் முடியும்.

ஆளைத் தேர்வு செய்யும்போது அவர் எத்தனை அல்ட்ரா முடித்தார் என்பதைவிட, வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் எட்டு மணி நேரம் ஓடுகிற எத்தனை பேரைத் தயார் செய்தார் என்று கேளுங்கள். பதிவை எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பார், நீங்கள் இரண்டு நாள் தவறவிட்டால் வாரத்தை மாற்றி எழுதுவாரா என்று கேளுங்கள். உங்கள் பழைய பதிவைப் பார்க்காமலே முதல் மாத அட்டவணையை அனுப்புபவர், எல்லாருக்கும் ஒரே திட்டம் போடுபவர், வலியைத் தாங்கி ஓடச் சொல்பவர், சப்ளிமென்ட் விற்பவர் வேண்டாம். மாதக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால், நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேர ஆலோசனை மட்டும் எடுத்து, கையில் உள்ள அட்டவணையை அவரோடு சேர்ந்து திருத்துவது நடைமுறைக்கு ஒத்த வழி. உங்களைப் போல ஒழுங்காகப் பதிவெழுதத் தயாராக இருப்பவருக்கு அதுவே பாதிக்கு மேல் வேலை செய்யும்.

இந்த வாரமே செய்யக்கூடியது: அந்த 50 கி.மீ. ஓட்டத்தின் வாட்ச் பதிவை எடுத்து, 36-வது கிலோமீட்டருக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், மறுநாள் எந்தத் தசை வலித்தது என்று நினைவிருக்கும் வரை எழுதி வையுங்கள். யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.